புதிய செல் பழைய நினைவைத் தருமா?

விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலில் தோல் வழன்று போகிறது. சில நாட்களில் அங்கே புதிய தோல் வளர்ந்து காயத்தை மூடிவிடுகிறது. இரத்த தானம் செய்தவரின் உடல், கொடுத்த சிவப்பு அணுக்களைச் சில வாரங்களில் மீண்டும் உண்டாக்கிக் கொள்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி சிவப்பு அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வாழ்வது சுமார் 120 நாட்கள். அதாவது 120 நாட்களில் இவை அனைத்தும் அழிந்து, அதே எண்ணிக்கையில் புதியவை பிறக்க வேண்டும். 120 நாட்களுக்கு 1,03,68,000 வினாடிகள். வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு வினாடியிலும் ஏறத்தாழ 24 லட்சம் புதிய அணுக்கள் பிறக்கின்றன என்று தெரியவரும்! இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி அணுக்களாவது பிறந்திருக்கும்.

இரத்தத்திற்கு இவ்வளவு எளிதாக இருப்பது மூளைக்கு ஏன் முடியவில்லை? வயது முதிர்ந்தோர் சிலருக்கு நினைவு மெல்ல மெல்ல மங்குகிறது. காலையில் சாப்பிட்டது மறந்து போகிறது. பிறகு வீட்டிற்கு வரும் வழி. பிறகு பெற்ற பிள்ளையின் பெயர். அழிந்துபோன மூளைச் செல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வைத்துவிட்டால் நினைவு திரும்பிவிடாதா? பத்திரிகைகளில் அடிக்கடி காணும் ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்பதன் பின்னால் இருக்கும் கேள்வி இதுதான். இதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

நோய் கண்டறியப்பட்ட கதை

1901-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள பிராங்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு அகஸ்ட்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி அழைத்து வரப்பட்டார். அவரைப் பரிசோதித்தவர் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர். எழுதுகோல், சாவி முதலிய பொருள்களைக் காட்டிக் கேட்டால் அந்தப் பெண்மணி பெயர்களைச் சரியாகச் சொல்வார். சிறிது நேரம் கழித்து, சற்றுமுன் காட்டிய பொருள்கள் எவை என்று கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. தம் பெயரை எழுதத் தொடங்கி, பாதியில் மறந்து நின்றுவிடுவார்.

1906-இல் அவர் இறந்தபின், அல்சைமர் அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்புகளால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு மாறுதல்கள் தென்பட்டன. செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள். செல்களுக்கு உள்ளே சிக்கலாக முறுக்கிக்கொண்ட நூலிழைகள். அந்தப் படிவுகள் அமிலாய்டு என்ற புரதத்தால் ஆனவை, நூலிழைகள் டௌ என்ற புரதத்தால் ஆனவை என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1910-இல் எமில் கிரப்பலின் என்ற பேராசிரியர் தம் நூலில் இந்நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார்.

அறிவாற்றல் படிப்படியாகக் குன்றும் நிலைக்கு மறதி நோய் என்று பெயர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்நிலை இருந்தது. அவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்குக் காரணம் அல்சைமர் நோயே. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

நினைவு எங்கே இருக்கிறது?

நமது மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற செல்களுடன் இணைப்புக் கொண்டிருக்கிறது. இந்த இணைப்பில் இரு செல்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது. ஒரு செல் வழியாக மின் துடிப்பு வந்து முனையை அடைந்ததும், அங்கிருந்து வேதிப்பொருள் சுரந்து, இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லைத் தூண்டுகிறது. நாம் ஒன்றைக் கற்கும்போது சில இணைப்புகள் வலுவடைகின்றன, சில தளர்கின்றன, சில புதிதாகத் தோன்றுகின்றன. நினைவு என்பது தனியொரு செல்லுக்குள் பூட்டி வைத்த பொருளன்று. செல்களுக்கிடையே உள்ள இணைப்புகளின் அமைப்பே நினைவு.

நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் புள்ளி வைக்கிறார்கள். பிறகு புள்ளிகளைச் சுற்றி இழையை வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். அதே புள்ளி வரிசையைக் கொண்டு பல கோலங்கள் போடலாம். எந்தக் கோலம் என்பதை முடிவு செய்வது புள்ளிகள் அல்ல, இழைகளே. நரம்புச் செல்கள் புள்ளிகள் என்றால், இணைப்புகளே இழைகள். இந்த உவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1991-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் டெரி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தனர். அவர்கள் உயிருடன் இருந்தபோது நினைவிழப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதும் குறித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கடுமையோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது அமிலாய்டு படிவுகளின் எண்ணிக்கையன்று, இணைப்புகளின் இழப்பே! கோலத்தின் இழைகள் அழிந்த அளவுக்கு நினைவு அழிந்திருந்தது.

இந்நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஒன்று ஹிப்போகேம்பஸ். கடற்குதிரை என்று பொருள்படும் பெயர். அதன் வளைந்த வடிவமே காரணம். மூளையின் இரு பக்கமும் காதுக்கு நேர் உள்ளே ஒவ்வொன்று உண்டு. இதன் வேலை என்ன என்பது ஒரு துயரமான நிகழ்ச்சியால் தெரியவந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞரின் கடும் வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக, இருபுறமும் இப்பகுதியின் பெரும்பாலானதை அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள முடியவில்லை. இளமைக்கால நினைவுகள் மட்டும் பெரும்பாலும் அழியாமல் இருந்தன. புதிய நினைவுகள் பதிவாக ஹிப்போகேம்பஸ் வேண்டும்; பழையவை மூளைப் புறணியில் பரவலாகத் தங்கியிருக்கின்றன என்று பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் இவரை ஆராய்ந்ததிலிருந்து விளங்கிற்று.

குருத்துச் செல்கள்

வாழையின் குருத்திலிருந்து இலை பிறகு இலையாக விரிந்துகொண்டே வருகிறது. குருத்தோ தீர்ந்து போவதில்லை. உடலிலும் இத்தகைய செல்கள் உண்டு. அவை பிரிந்து தம்மைப் போன்ற செல்களையும் உண்டாக்கும். குறிப்பிட்ட வேலை செய்யும் செல்களாக மாறக்கூடியவற்றையும் உண்டாக்கும். இவையே குருத்துச் செல்கள் அல்லது ஸ்டெம் செல்கள். வினாடிக்கு 24 லட்சம் சிவப்பு அணுக்கள் பிறக்கின்றன என்று பார்த்தோமே, அவற்றின் மூலம் எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்துச் செல்கள்தாம்.

இதனை முதன்முதலில் சோதனை வாயிலாகக் காட்டியவர்கள் கனடாவின் டொரோண்டோ நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கலக் என்ற இருவர். டில் இயற்பியல் படித்தவர், மெக்கலக் மருத்துவர். கதிர்வீச்சால் எலிகளின் மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறு எலியின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். சில நாட்களில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்ந்தது என்பதை 1961 முதல் 1963 வரை வெளியான ஆய்வுகளில் நிறுவினார்கள்.

கருவின் தொடக்க நாட்களில் உள்ள குருத்துச் செல்கள் இன்னும் ஆற்றல் மிக்கவை. உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடியவை. 1998-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து இவற்றைப் பிரித்து வளர்த்தார். கருவைப் பயன்படுத்தலாமா என்ற அறநெறிக் கேள்வி எழுந்தது. 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா வேறு வழி கண்டார். எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கு ஜீன்களைச் செலுத்தி, அதைக் குருத்து நிலைக்கே திருப்பிவிட்டார்! மறு ஆண்டில் மனிதச் செல்லிலும் இது கைகூடிற்று. 1962-இலேயே தவளையில் இதற்கு வழிகாட்டியிருந்த ஜான் கார்டனுடன் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்று ஒருவரின் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ செல்களை எடுத்து, குருத்து நிலைக்குத் திருப்பி, பிறகு நரம்புச் செல்களாக வளர்க்க முடியும். எனவே புதிய செல் உண்டாக்குவது இப்போது பெரிய சிக்கல் அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

மூளையில் புதிய செல் பிறப்பதுண்டா?

முதிர்ந்த மூளையில் நரம்புச் செல்கள் பிறப்பதே இல்லை என்று நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் இதைச் சோதிக்கக் கதிரியக்கத்தைக் கருவியாகக் கொண்டார். பிரியப் போகும் செல், டி.என்.ஏ.யை உண்டாக்கத் தைமிடின் என்ற பொருளை உட்கொள்ளும். அதிலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக டிரிட்டியம் என்ற கதிரியக்க ஐசோடோப்பை வைத்து எலிகளுக்குச் செலுத்தினார். பிறகு மூளைச் சீவல்களின் மேல் ஒளிப்படப் பூச்சைப் பரப்பி இருட்டில் வைத்தார். டிரிட்டியம் உமிழும் பீட்டாத் துகள்கள் பூச்சில் கறுப்புப் புள்ளிகளைப் பதித்தன. புள்ளி விழுந்த செல் புதிதாகப் பிறந்த செல்! ஆல்ட்மனும் கோபால் தாஸும் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில், எலியின் ஹிப்போகேம்பஸில் பிறந்தபின்னும் நரம்புச் செல்கள் தோன்றுவதைக் காட்டினார்கள்.

ஆனால் மனிதருக்கு இவ்வாறு கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பார்க்க முடியுமா? ஸ்வீடனின் யோனாஸ் பிரிசேன் குழுவினர் ஒரு விந்தையான வழியைக் கண்டார்கள். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததால், காற்றிலிருந்த கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 1963-இல் உடன்படிக்கை ஏற்பட்டபின் அது ஆண்டுதோறும் குறையத் தொடங்கியது. கார்பன்-14-இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். ஆதலால் இவ்வளவு விரைவாகக் குறைந்ததற்குக் கதிரியக்கச் சிதைவு காரணமன்று. கடலும் தாவரங்களும் உறிஞ்சிக்கொண்டதே முதன்மையான காரணம்.

தாவரம் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது. உணவு வழியாக அது நம் உடலுக்கு வருகிறது. செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.யில் அந்த ஆண்டுக்குரிய கார்பன்-14 விகிதம் பதிந்துவிடுகிறது. எனவே இறந்தவரின் மூளைச் செல்களின் டி.என்.ஏ.யில் உள்ள விகிதத்தை அளந்தால், செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். அணுகுண்டுச் சோதனை விட்டுச்சென்ற சுவடே மூளைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆயிற்று!

முடிவு என்ன? மூளைப் புறணியின் நரம்புச் செல்களுக்கு அந்த மனிதரின் வயதே இருந்தது. பிறந்தபோது கிடைத்தவையே இறுதிவரை. ஆனால் ஹிப்போகேம்பஸில் மட்டும் நாளொன்றுக்கு, பக்கத்திற்குச் சுமார் 700 புதிய செல்கள் சேர்வதாக 2013-இல் அக்குழுவினர் கணக்கிட்டனர். வினாடிக்கு 24 லட்சம் எங்கே, நாளுக்கு 700 எங்கே!

இந்த 700-உம் எளிதில் ஏற்கப்படவில்லை. 2018-இல் அமெரிக்காவின் ஒரு குழு, வளர்ந்தோரின் மூளையில் புதிய நரம்புச் செல் ஒன்றும் காணவில்லை என்றது. 2019-இல் ஸ்பெயின் நாட்டுக் குழு, முதியோரிடமும் அவை உண்டு, அல்சைமர் நோயாளிகளிடம் குறைவு என்றது. 2025-இல் பிரிசேன் குழுவினர், பிரியும் நிலையிலுள்ள முன்னோடிச் செல்களையே வளர்ந்தோரிடம் கண்டதாக அறிவித்தார்கள். எவ்வளவு பிறக்கின்றன என்பதில் விவாதம் தொடர்கிறது. எப்படியாயினும், பரந்த சேதத்தை ஈடுசெய்ய அந்த எண்ணிக்கை போதாது என்பதில் ஐயமில்லை.

மூன்று தடைகள்

வெளியிலிருந்து செல்களைக் கொடுத்தால் என்ன? மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன.

முதல் தடை, போய்ச் சேர்வது. கையிலுள்ள சிரையில் ஊசி மூலம் குருத்துச் செல்களைச் செலுத்துவதாகக் கொள்வோம். இரத்த ஓட்டத்தின் பாதையை நினைவுகூருங்கள். சிரை இரத்தம் முதலில் இதயத்தின் வலப்பக்கம் சென்று, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரலின் தந்துகிகளின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் குருத்துச் செல்லின் விட்டமோ 15 முதல் 30 மைக்ரோமீட்டர். சல்லடையில் கடலை தங்குவதுபோல் அவற்றில் பெரும்பாலானவை நுரையீரலிலேயே தங்கிவிடுகின்றன. தப்பிச் சென்றவற்றையும் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் எளிதில் உள்ளே விடுவதில்லை.

இரண்டாவது தடை, சூழல். மண்டையோட்டில் துளையிட்டு நேரே மூளைக்குள் வைத்தாலும், அங்கே அமிலாய்டு, டௌ, அழற்சி ஆகியவை காத்திருக்கின்றன. பழைய செல்லைக் கொன்ற சூழல் புதிய செல்லை மட்டும் வாழவைக்குமா?

மூன்றாவது தடைதான் மிகப் பெரியது: இணைப்பு. மீண்டும் கோலத்திற்கு வருவோம். மழையில் கோலத்தின் ஒரு பகுதி அழிந்துவிட்டது. புள்ளிகளை மட்டும் திரும்ப வைத்துவிட்டால் பழைய கோலம் வந்துவிடுமா? எந்தப் புள்ளியை எந்த இழை சுற்றிச் சென்றது என்பது புள்ளிக்குத் தெரியாது. அதுபோலவே, புதிய நரம்புச் செல்லுக்கு அந்த முதியவரின் திருமண நாளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது புதியதைக் கற்க உதவலாம். அழிந்துபோன பழையதைக் கொண்டுவர இயலாது.

நடுக்குவாத நோயான பார்க்கின்சன் நோயோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அதில் முதன்மையாக அழிவது ஒரு குறிப்பிட்ட இடத்திலுள்ள, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரே வகைச் செல். புதிய செல் சரியான இடத்தில் அமர்ந்து டோபமைனைச் சுரந்தாலே ஓரளவு பயன் உண்டு. காய்ந்த வயலுக்கு வாய்க்கால் வெட்டி நீர் விடுவது போன்ற வேலை அது. 2025-இல் ஜப்பானில் 7 நோயாளிகளுக்கும் வட அமெரிக்காவில் 12 நோயாளிகளுக்கும் இவ்வாறு செல்கள் வைத்த முதற்கட்ட ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. பெரிய தீங்கு நேரவில்லை. செல்கள் உயிருடன் இருந்து டோபமைனை உண்டாக்கியதற்கான அடையாளங்களும் தென்பட்டன. அல்சைமர் நோயிலோ பல வகைச் செல்கள், மூளையின் பல பகுதிகளில் அழிகின்றன.

ஆய்வுகள் சொல்வது

அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வீணா? இல்லை. 2009-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஒரு சோதனை நடந்தது. அல்சைமர் போன்ற மாறுதல்கள் மூளையில் ஏற்படும்படி ஜீன் மாற்றப்பட்ட முதிய எலிகளின் ஹிப்போகேம்பஸில் நரம்புக் குருத்துச் செல்களை வைத்தார்கள். ஒரு மாதத்திற்குப் பிறகு எலிகளைத் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டு, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை நினைவுகொண்டு கண்டுபிடிக்கின்றனவா என்று பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற எலிகள் நன்றாகவே தேறியிருந்தன.

உள்ளே பார்த்தபோது வியப்புக் காத்திருந்தது. அமிலாய்டும் குறையவில்லை, டௌவும் குறையவில்லை. வைத்த செல்களில் மிகச் சிலவே நரம்புச் செல்களாகியிருந்தன. பின் எப்படி நினைவு தேறியது? அச்செல்கள் பி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து, அங்கே ஏற்கனவே இருந்த செல்களின் இணைப்புகளைப் பெருக்கியிருந்தன. வந்தவை இறந்தவற்றின் இடத்தை நிரப்பவில்லை. இருந்தவற்றைப் பேணிக் காத்தன. அதாவது புள்ளியாகி நிற்கவில்லை, இழை அழியாமல் பார்த்துக்கொண்டன.

எலியில் வென்றது மனிதரில் வெல்லுமா என்பது அடுத்த கேள்வி. தென்கொரியாவின் சோல் நகரில் 9 அல்சைமர் நோயாளிகளின் மூளையில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து பெற்ற குருத்துச் செல்களை வைத்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் கடுமையான தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் நினைவு குன்றும் வேகமும் குறையவில்லை. 2025-இல் அமெரிக்காவில், நோயின் தொடக்க நிலையிலிருந்த ஏறத்தாழ 50 பேருக்குச் சிரை வழியாக மஜ்ஜைக் குருத்துச் செல்களைச் செலுத்திய ஆய்வு வெளியாயிற்று. அதன் முதன்மை நோக்கம் பாதுகாப்பைச் சோதிப்பது, அது நிறைவேறியது. சில அளவீடுகளில் நோய் சற்று மெதுவானதற்கான குறிகளும் தெரிந்தன. ஆனால் 50 பேரை வைத்து உறுதியான முடிவு கூற முடியாது. இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

கிண்ணத்தில் வளரும் நோய்

குருத்துச் செல்லால் இன்னொரு பயன் உண்டு. உயிருள்ள நோயாளியின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அவருடைய தோல் செல்லைக் குருத்து நிலைக்குத் திருப்பி, நரம்புச் செல்லாக்கி, ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் நோய் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்கலாம். 2014-இல் பாஸ்டன் நகரில் டூ இயோன் கிம், ருடால்ஃப் டான்சி ஆகியோரின் குழு, அல்சைமர் நோயை உண்டாக்கும் ஜீன் மாற்றங்களைக் கொண்ட மனித நரம்புச் செல்களைக் கூழ்போன்ற பொருளில் முப்பரிமாணமாக வளர்த்தது. 1906-இல் அல்சைமர் கண்ட படிவுகளும் நூல் சிக்கல்களும் அந்தக் கூழிலேயே உருவாயின! அமிலாய்டு உண்டாவதை மருந்தால் தடுத்தபோது நூல் சிக்கலும் குறைந்தது. இம்முறையில் பல மருந்துகளை ஒரே சமயத்தில் சோதித்துப் பார்க்கலாம். குருத்துச் செல் மருந்தாக வருவதற்கு முன்பே, மருந்து தேடும் கருவியாக வந்துவிட்டது.

விளம்பரத்தைக் கண்டால்

மாணவ நண்பர்களே, இதுவரை படித்தது தேர்வுக்காக மட்டுமன்று. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தாத்தா அல்லது பாட்டிக்கு நினைவு மங்கும்போது, ‘ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குகிறோம்’ என்ற விளம்பரத்தை யாராவது காட்டக்கூடும். நகையை அடகு வைத்தாவது கொடுத்துவிடலாம் என்று அன்பு சொல்லும். அந்த வேளையில் வீட்டில் அறிவியல் படித்தவர் நீங்களாக இருக்கலாம்.

இத்தகைய ஊசியால் தீங்கும் வரும். கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்களில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்ததாக, 2017-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று தெரிவித்தது. அந்தச் சிகிச்சைக்கு அவர்கள் பணமும் கட்டியிருந்தார்கள். வேறொரு நரம்பு நோய்க்காகக் கருவின் நரம்புக் குருத்துச் செல்களைப் பெற்ற ஒரு சிறுவனின் மூளையிலும் தண்டுவடத்திலும், கொடுத்தவர்களின் செல்களிலிருந்தே கட்டிகள் வளர்ந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிரிந்து பெருகுவது குருத்துச் செல்லின் இயல்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாவிட்டால் அதுவே கட்டி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, குருத்துச் செல்களை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே நோயாளிகளுக்குக் கொடுக்கக் கூடாது. அல்சைமர் நோய்க்கு இது இன்னும் ஆராய்ச்சிதான்; சிகிச்சை அன்று.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவான ஆய்வா? செல் பெற்றவர்களோடு ஒப்பிட, செல் பெறாத ஒரு குழு இருந்ததா? பங்கேற்பவரிடமே பெருந்தொகை கேட்கிறார்களா? இரண்டாவது கேள்வியை நீங்கள் ஆய்வுக்கூடத்திலேயே அறிவீர்கள். ஒப்பிட ஏதுமில்லாத சோதனை சோதனையாகாது. மறதி நோயில் நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. ஊசி போட்ட மறுநாள் நல்ல நாளாக இருந்துவிட்டால், ஆசைப்படும் மனம் ஊசியால்தான் என்று நம்பிவிடும். அதனால்தான் யாருக்குச் செல், யாருக்கு வெறும் உப்புநீர் என்பது நோயாளிக்கும் தெரியாமல், பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் ஆய்வு நடத்துகிறார்கள்.

வேறு என்ன செய்யலாம்? முதியவரின் மறதி எல்லாம் அல்சைமர் அன்று. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஆதலால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அல்சைமர் என்றே உறுதியானாலும், தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு அமிலாய்டை அகற்றும் மருந்துகள் சில நாடுகளில் ஒப்புதல் பெற்றுள்ளன. அவை நோயை ஓரளவு மெதுவாக்குகின்றன, நிறுத்துவதில்லை.

பாட்டி ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும்போது, ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று சினந்து கொள்ளாமல் மீண்டும் விடை சொல்லுங்கள். அவர் வேண்டுமென்றே மறக்கவில்லை. பதிய வைக்கும் பகுதி பழுதுபட்டிருக்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை இரட்டைக் கோட்டில் வரையுங்கள். முன்னால் ஒரு சமதள ஆடியை நிறுத்துங்கள். தாளும் கையும் நேரே தெரியாதபடி அட்டையால் மறைத்து, ஆடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டுங்கள். எத்தனை முறை கோட்டைத் தாண்டினீர்கள் என்று எண்ணுங்கள். மூன்று நாட்கள் தொடர்ந்து செய்து, பிழைகளின் எண்ணிக்கையை வரைபடமாக வரையுங்கள். பிரெண்டா மில்னர் இதையே ஹென்றி மொலைசனிடம் செய்து பார்த்தார். அவருக்கும் நாளுக்கு நாள் பிழை குறைந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததே இல்லை என்றார்!

சிந்தித்து விடை காணுங்கள்

1. மொலைசனின் கை கற்றுக்கொண்டது. அவருக்கு அது நினைவில்லை. இதிலிருந்து நினைவின் வகைகளைப் பற்றி என்ன அறிகிறீர்கள்?

2. நாளொன்றுக்குப் பக்கத்திற்கு 700 புதிய செல்கள் என்றால், இரு பக்கங்களிலும் சேர்த்து 70 ஆண்டுகளில் எத்தனை? 8,600 கோடியில் அது எத்தனை விழுக்காடு?

3. 1930-இல் பிறந்தவரின் மூளைப் புறணியில் கார்பன்-14 அளவு மிகுந்த நரம்புச் செல்கள் காணப்பட்டிருந்தால், ஆய்வாளர்கள் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்?

4. 2009-ஆம் ஆண்டு எலிச் சோதனையில், செல் வைக்கப்படாத நோயுற்ற எலிகளையும் ஏன் நீந்தவிட வேண்டும்?